மூன்றில் வளையாதது

மனித குலத்தின் மகத்தான கண்டுபிடிப்பு சக்கரம் என்று சொல்பவர்கள் எங்கள் அலுவலகத்தைப் பார்க்காதவர்கள். சக்கரத்தைத் தள்ளினால் உருண்டு போய்விடும். எங்கள் அலுவலகத்தை யார் எவ்வளவு தள்ளினாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். நிலைபேறு என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான்.

இதன் பெயர் 'ஆரம்பகால இடையீட்டு மையம்'. பிறந்தது முதல் மூன்று வயது முடியும்வரை உள்ள குழந்தைகளில் யாராவது உட்கார வேண்டிய பருவத்தில் உட்காராமல், நடக்க வேண்டிய பருவத்தில் நடக்காமல், பேச வேண்டிய பருவத்தில் பேசாமல் இருந்தால், காலம் தாழ்வதற்குள் பயிற்சி கொடுத்துத் தேற்றிவிடுவது எங்கள் கடமை. இடையீடு என்றால் இடையில் போய் நிற்பது. குழந்தைக்கும் பயிற்சிக்கும் இடையில் நாங்கள் நிற்கிறோம். இப்படிப்பட்ட குழந்தைகளுக்கு இருப்பதை 'வளர்ச்சித் தாமதம்' என்பார்கள். தாமதத்தைப் பற்றி எங்களைவிட ஆழ்ந்த அனுபவம் உள்ளவர்கள் இந்த ஊரில் வேறு யாரும் இல்லை என்பதை அடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மூன்று வயது முடிந்துவிட்டால் குழந்தை எங்கள் கையைவிட்டுப் போய்விடும். ஐந்து வயதில் வேறொரு துறை ஏற்றுக்கொள்ளும். இடைப்பட்ட காலத்தில் அது எந்தத் துறைக்கும் சொந்தமில்லை, சுதந்திரமாக இருக்கலாம்.

நான் இங்கே கண்காணிப்பாளர். என் நாற்காலிக்குப் பின்னால் சுவரில் பெரிய எழுத்தில் ஒரு பொன்மொழி இருக்கிறது. 'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று முன்னோர் சொன்னதை முதலில் அப்படியேதான் எழுதி வைத்திருந்தோம். ஆய்வுக்கு வந்த ஒரு மேலதிகாரி அதைப் பார்த்து முகம் சுளித்தார். ஐந்து வயது எங்கள் அதிகார எல்லைக்குள் வராது, அதில் தலையிடுவது அடுத்த துறையின் வயலில் ஆடு மேய்ப்பது போல என்றார். உடனே பெயின்டரை வரவழைத்து 'மூன்றில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்று திருத்தினோம். முன்னோர் விட்ட பிழையைத் திருத்திய ஒரே அலுவலகம் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

இந்தப் பொன்மொழிக்குக் கீழே நான் உட்கார்ந்திருந்த ஒரு காலை வேளையில்தான் சலவைக்கடை அம்மா தன் மகனைத் தூக்கிக்கொண்டு வந்தார். ஒரு சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவர். இடது மணிக்கட்டில் சூடு பட்ட தழும்பு இருந்தது. பையனுக்கு வீட்டில் வைத்த செல்லப் பெயர் வாயாடி. கைக்குழந்தையாக இருந்தபோது ஓயாமல் 'ங்கா, ங்கா' என்று கத்திக்கொண்டிருந்ததால் அவனுடைய அப்பா ஆசையாக வைத்த பெயர். வைத்த நேரமோ என்னவோ, அதன் பிறகு அவன் வாயே திறக்கவில்லை.

"ரெண்டரை வயசு ஆச்சு சார். அம்மான்னுகூட இன்னும் சொல்லல," என்றார் அந்த அம்மா. "காதெல்லாம் நல்லா கேக்குதுன்னு டாக்டர் சொல்லிட்டார். பேச்சு டீச்சர் வாரம் ஒரு தரம் வீட்டுக்கு வந்து பழக்கினா பேச்சு வந்துடுமாம். மூணு முடியறதுக்குள்ள ஆரம்பிச்சாத்தான் சுலபம்னார்."

"டாக்டர் ரொம்பச் சரியாச் சொல்லியிருக்கார். இதுல ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக் கூடாதும்மா. தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்கிற கதையா ஆயிடும்."

"அப்ப டீச்சர் எப்ப வருவாங்க சார்?"

நான் தொண்டையைச் செருமினேன். மூக்குக் கண்ணாடியை மூக்கின் நுனிவரை இறக்கினேன். வலது உள்ளங்கையைக் காற்றில் மெல்லக் கீழ்நோக்கி அமுக்கினேன். "நாளைக்கு வாங்க," என்றேன்.

இந்த இரண்டு சொற்களைப் பற்றி இங்கே கொஞ்சம் விளக்க வேண்டும். 'முடியாது' என்று சொன்னால் சண்டை வரும். 'முடியும்' என்று சொன்னால் வேலை வரும். இரண்டுக்கும் இடையில் ஒரு மெல்லிய கோட்டில் நின்று, வந்தவர் மனம் கோணாமல், நம் நாற்காலியும் கோணாமல் சொல்ல வேண்டியது இது. வாயால் மட்டும் சொன்னால் பலிக்காது. செருமல், கண்ணாடி, கை, குரல் நான்கும் ஒரே தாளத்தில் சேர வேண்டும். புதிதாக வேலைக்குச் சேரும் எழுத்தர்கள் சிலர் கண்ணாடியை மறந்துவிட்டுக் கையை முதலில் ஆட்டிவிடுகிறார்கள். வந்தவர்கள் நம்பாமல் அங்கேயே நின்றுவிடுகிறார்கள்.

சலவைக்கடை அம்மா நம்பினார். மறுநாள் வந்தார். அதற்கு மறுநாளும் வந்தார். என் அறைக்கு எதிரே தாழ்வாரத்தில் ஒரு பெஞ்ச் கிடக்கிறது. அதில் அவர் உட்கார்ந்துகொள்வார். மடியில் வாயாடி. கதவு எப்போதும் திறந்திருக்கும் என்பதால் பையன் அங்கிருந்தே என்னை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருப்பான். ஒருவர் வருவார், நான் செருமுவேன், அவர் போவார். இன்னொருவர் வருவார், மறுபடி செருமுவேன். பையன் எல்லாவற்றையும் பார்ப்பான். அவனுடைய கூர்ந்த கவனத்தைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயமே இருந்தது.

பேச்சு டீச்சர் இல்லாமல் இல்லை. எங்களிடம் ஒருவர் இருந்தார். படித்து முடித்துவிட்டு நேராக இங்கே வந்த இளம்பெண். வேலை செய்ய வேண்டும் என்ற துடிப்பு அதிகம். அந்த வயதில் அப்படித்தான் இருக்கும் என்று நானும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் சலவைக்கடை அம்மாவின் வீட்டுக்குக் கிளம்பியே இருப்பார், அந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து சுற்றறிக்கை வராமல் இருந்திருந்தால்.

'பயிற்சிகள் யாவும் குழந்தையின் இயல்பான சூழலில் மட்டுமே அளிக்கப்பட வேண்டும்' என்றது சுற்றறிக்கை. இயக்குநர் உடனே கூட்டம் கூட்டினார். ஒரு வாசகத்தை நிதானமாகப் புரிந்துகொள்ளும் நோக்கத்தோடு அதை அவரே மூன்று தடவை வாசித்தார்.

"இயல்பான சூழல்னா என்ன?" என்று கேட்டார்.

"வீடு சார்," என்றார் பேச்சு டீச்சர். "குழந்தை எங்க சாப்பிடுதோ, எங்க விளையாடுதோ, அங்கேயே போய்ச் சொல்லிக் குடுக்கணும். பழகின இடத்துல சீக்கிரம் கத்துக்கும். நாம அவங்க வீட்டுக்குப் போனாப் போதும். நான் இன்னிக்கே கிளம்பறேன்."

கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியவர்கள் கூடியிருக்கும் இடத்தில் 'இன்னிக்கே' போன்ற சொற்களைப் பயன்படுத்தக் கூடாது என்று அந்தப் பெண்ணுக்கு யாரும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை.

"எதுல போவீங்க?" என்றார் இயக்குநர்.

"ஆபீஸ் ஜீப் இருக்கே சார்."

"ஜீப்பு, வீட்டுக்குப் போய்ப் பயிற்சி குடுக்கறதைப் பத்தி நடக்கிற கூட்டங்களுக்கு நான் போறதுக்காகக் குடுத்தது. அதை நீங்க வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிட்டா கூட்டத்துக்கு நான் எதுல போறது?"

"அப்ப பஸ்ல போயிடறேன் சார்."

"நம்ம டீச்சர் பஸ்ல தொங்கிக்கிட்டுப் போறதா? துறையோட கௌரவம் என்ன ஆகறது?"

கௌரவம் என்ற சொல் வந்ததும் எல்லோரும் தலை குனிந்தார்கள். இந்த நெருக்கடியில்தான் நான் தொண்டையைச் செருமினேன். எனக்குத் தோன்றிய யோசனை எளிமையானது. மகத்தான யோசனைகள் எல்லாமே எளிமையானவை.

"குழந்தையோட வீட்டுக்கு நாம போறதுக்குப் பதிலா, வீட்டை இங்க கொண்டு வந்துட்டா என்ன சார்?"

இயக்குநர் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். உடைந்த நாற்காலிகளை அடுக்கி வைத்திருந்த மூலை அறை உடனே ஒதுக்கப்பட்டது. அதற்கு 'இயல்பகம்' என்று பெயர் சூட்டினோம். வேலைகளை மேற்பார்வை பார்க்கும் 'இல்லப் பொறுப்பாளர்' பதவி பேச்சு டீச்சருக்கே வழங்கப்பட்டது. எனக்கு வேண்டாம் சார், குழந்தைங்க காத்துக்கிட்டிருக்காங்க என்று அவர் சொன்னது அவருடைய தன்னடக்கத்தைக் காட்டியது.

வீடு என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்யவே பல கூட்டங்கள் தேவைப்பட்டன. கட்டில் இருக்க வேண்டும் என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. அடுப்பு வைக்கலாம், ஆனால் எரியக் கூடாது என்று தீயணைப்பு விதி சொன்னது. தண்ணீர்க் குழாய் பொருத்தலாம், ஆனால் குழாயில் தண்ணீர் வரவழைப்பது பொறியியல் பிரிவின் வேலை. ஆகவே குழாய் மட்டும் பொருத்தப்பட்டது.

"எல்லாம் சரி. வீடுன்னா பக்கத்து வீட்டுச் சத்தம் கேக்கணுமே. அது இல்லாம எப்படி இயல்பா இருக்கும்?" என்று கணக்காளர் ஒரு நுட்பமான கேள்வியை எழுப்பினார்.

அதுவும் நியாயமாகவே பட்டது. பதிவறை எழுத்தரை அண்டை வீட்டுக்காரராக நியமித்தோம். சுவருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்துகொண்டு அவ்வப்போது "டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்று அவர் கத்த வேண்டும். இயல்பகத்தில் டிவி கிடையாது. அதனால் என்ன, உண்மையான அண்டை வீட்டுக்காரர்கள் காரணம் பார்த்தா கத்துகிறார்கள்?

சுவரில் மாட்ட ஒரு குடும்பப் படம் தேவைப்பட்டது. கடையில் ஃபிரேம் வாங்கியபோது அதற்குள் மாதிரிக்காக வைத்திருந்த படத்தில் யாரோ ஒரு கணவன், மனைவி, இரண்டு குழந்தைகள் பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதையே மாட்டிவிட்டோம்.

ஒருநாள் சலவைக்கடை அம்மா ஜன்னல் வழியாக அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்.

"இவங்கல்லாம் யாரு சார்?"

"இந்த வீட்டுக்காரங்க."

"இவங்க குழந்தைங்களுக்கும் பேச்சு வரலையா?"

"அவங்களுக்கு என்னம்மா குறை? எப்படிச் சிரிக்கறாங்க பாருங்க."

அவர் படத்தையும் இடுப்பில் இருந்த மகனையும் மாறி மாறிப் பார்த்தார். "இவனைக் கொஞ்ச நேரம் உள்ள உக்கார வைக்கலாமா சார்? பெஞ்சுலயே இருந்து இருந்து இவனுக்குக் கால் மரத்துப் போகுது."

"என்னம்மா பேசறீங்க? அது வீடு. நினைச்ச நேரத்துல நினைச்சவங்க உள்ள நுழையறதுக்கு அது என்ன ஆபீஸா?"

உண்மையும் அதுதான். குழந்தைகளை உள்ளே விட்டால் வீடு அசுத்தமாகிவிடும். திறப்பு விழாவரை இயல்பகத்தைப் பூட்டிச் சாவியை என் மேசை இழுப்பறையில் வைத்திருந்தேன். விழாவுக்கு ஆணையர் மேடம் வர வேண்டும், அவருக்கு நேரம் கிடைக்க வேண்டும். ஒரு மாதம் போயிற்று. இன்னொன்றும் போயிற்று. அந்த அம்மா வரும்போதெல்லாம் நான் தளராமல், அலுக்காமல், முதல் நாள் சொன்ன அதே மலர்ச்சியோடு "நாளைக்கு வாங்க" என்று சொல்லி வந்தேன். ஆக்கப் பொறுத்தவர்கள் ஆறப் பொறுக்கக் கூடாதா?

இந்தச் சமயத்தில் ஓர் ஒழுங்கீனம் நடந்ததையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். ஒரு மதியம் நான் அறையைவிட்டு வெளியே வந்தபோது பேச்சு டீச்சர் தாழ்வாரத்தின் வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எதிரே வாயாடி. திரைச்சீலைத் துணி வாங்கப் போக வேண்டியவர் போகவில்லை. அவர் கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர், அதில் தண்ணீர். அதைத் தன் வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "தண்ணி. தண்ணி வேணுமா? தண்ணி," என்று நிறுத்தி நிறுத்திச் சொல்லிக்கொண்டிருந்தார். பையன் அவருடைய வாயையே பார்த்தான். அவனுடைய உதடுகள் பிரிந்தன. நாக்கு மேல்பல்லுக்குப் பின்னால் போய்த் தயாராக நின்றது. பக்கத்தில் அவன் அம்மா மூச்சைப் பிடித்துக்கொண்டு முழந்தாளிட்டிருந்தார்.

"டீச்சர்," என்றேன்.

பையன் சட்டென்று என் பக்கம் திரும்பினான். நாக்கு உள்ளே போய்விட்டது.

"இப்ப என்ன நடக்குது இங்க?"

"ஒரு நிமிஷம் சார். வாய் வரைக்கும் வந்துடுச்சு. இன்னும் ரெண்டு தரம் சொன்னா..."

"தாழ்வாரம் இயல்பான சூழலா டீச்சர்?"

"சார், குழந்தை சொல்லப் போறான் சார்."

"சொல்லிட்டா இன்னும் தப்பு. விதிக்குப் புறம்பான இடத்துல சொன்னதை நாளைக்கு எந்தக் கணக்குல சேர்க்கறது? யாராவது கேட்டா பதில் சொல்ல வேண்டியது நான்தானே?"

டீச்சர் எழுந்து திரைச்சீலை வாங்கப் போனார். அவருக்கு விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை கொடுத்தேன். டம்ளர் அந்த அம்மாவிடமே தங்கிவிட்டது. பையன் அன்றிலிருந்து அதைக் கையைவிட்டு இறக்கவில்லை.

ஒருவழியாக ஆணையர் மேடத்துக்கு நேரம் கிடைத்தது. திறப்பு விழா நாளில் தாழ்வாரத்தைக் கழுவிவிட்டு, வாசலில் பூந்தொட்டிகள் வைத்து, இயல்பகத்தின் கதவில் சிவப்பு ரிப்பன் கட்டினோம். கடைசி நேரத்தில்தான் ஒரு குறை தெரிந்தது. குழந்தை இல்லை. வீடு தயார், அண்டை வீட்டுக்காரர் தயார், குழந்தையை மட்டும் யாரும் நினைக்கவில்லை. நல்ல வேளையாகத் தாழ்வாரத்தில் ஒன்று இருந்தது. சலவைக்கடை அம்மாவிடம் போய், "உங்க நல்ல காலம், கூப்பிடறாங்க வாங்க," என்றேன். அவர் முகம் மலர்ந்ததை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். அவசரமாகப் பையனின் தலையைத் தண்ணீர் தொட்டு வாரினார்.

மேடம் ரிப்பனை வெட்டினார். எல்லோரும் உள்ளே போனோம். சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து "டிவி சத்தத்தைக் கொஞ்சம் குறைங்க" என்று குரல் வந்தது. மேடம் திடுக்கிட்டார். இயக்குநர் விளக்கிச் சொன்னதும் மனதாரப் பாராட்டினார்.

வாயாடி கட்டிலைப் பார்க்கவில்லை, பொம்மையைப் பார்க்கவில்லை. நேராகத் தண்ணீர்க் குழாய்க்குப் போனான். அன்று வெயில் கடுமை. விழா தொடங்கக் காத்திருந்த நேரமெல்லாம் அவன் பெஞ்சில் இருந்தான். டம்ளரைக் குழாய்க்கு அடியில் பிடித்து, மறுகையால் பிடியைத் திருகினான். ஒன்றும் வரவில்லை. இன்னொரு பக்கம் திருகினான். குனிந்து குழாய்க்குள் பார்த்தான். பிறகு காலி டம்ளரோடு எங்கள் எல்லோரையும் நோக்கித் திரும்பினான். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தவனின் கண்கள் என்னிடம் வந்து நின்றன.

அவன் தொண்டையைச் செருமினான். இல்லாத கண்ணாடியை மூக்கின் நுனிவரை இறக்கினான். டம்ளரை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது உள்ளங்கையைக் காற்றில் மெல்லக் கீழ்நோக்கி அமுக்கினான்.

"நாளைக்கு வாங்க," என்றான்.

என் குரல். ஏற்ற இறக்கம் உட்பட அப்படியே என் குரல். எங்கள் எழுத்தர்களில் ஒருவருக்குக்கூட இன்றுவரை கைவராத தாளம் அது. எனக்கு மெய்சிலிர்த்தது என்று சொல்வதில் வெட்கமில்லை.

அறையில் கைதட்டல் எழுந்தது.

"மூணு வயசுகூட முடியாத குழந்தை. முழு வாக்கியம்," என்றார் ஆணையர் மேடம். "அதுவும் வெறும் 'வா' இல்ல, 'வாங்க'. எவ்வளவு மரியாதை பாருங்க."

"எதிர்காலச் சிந்தனையும் இருக்கு மேடம்," என்றார் இயக்குநர். "'நாளைக்கு'ங்கறான்."

பையன் மறுபடி குழாயைத் திருகினான். மறுபடி எங்களைப் பார்த்தான். "நாளைக்கு வாங்க," என்றான். இந்தத் தடவை குரல் உடைந்திருந்தது. டம்ளரைக் குழாயில் தட்டினான். "நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க," என்று அழத் தொடங்கினான். கைதட்டல் இன்னும் பலமாயிற்று.

"தண்ணி கேக்கறான் மேடம்," என்றார் பேச்சு டீச்சர்.

"தண்ணின்னு சொல்லலையே."

"அவனுக்குத் தெரிஞ்சது அது ஒண்ணுதான் மேடம். மாசக் கணக்கா இந்தப் பெஞ்சுல உக்காந்து அதைத்தான் கேட்டிருக்கான். எது வேணும்னாலும் அதைச் சொன்னாக் கிடைச்சுடும்னு நினைக்கறான். அர்த்தம் தெரியாம சொல்றான். இப்பவாவது பயிற்சி ஆரம்பிச்சா..."

"டீச்சர், நிகழ்ச்சி நிரல்ல உங்க பேச்சு இல்லையே," என்று இயக்குநர் நயமாக நினைவூட்டினார்.

இதற்குள் அந்த அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பையனைத் தூக்கினார். பையிலிருந்த பாட்டிலைத் திறந்து அவன் டம்ளரில் தண்ணீர் ஊற்றினார். அவசரத்தில் பாதி புதுத் தரைவிரிப்பில் கொட்டியது. மகன் பேசியதைக் கேட்ட தாய் முகத்தில் இருக்க வேண்டிய சந்தோஷம் அவர் முகத்தில் இல்லை. அவர் அழுதுகொண்டிருந்தார். ஆனந்தக் கண்ணீர் என்று விழா அறிக்கையில் எழுதியிருக்கிறோம்.

அன்று மாலையே முடிவுகள் எடுக்கப்பட்டன. வாயாடி 'பேசும் குழந்தை' என்று அறிவிக்கப்பட்டான். தாமதம் நீங்கிவிட்ட குழந்தைக்குப் பயிற்சி தேவையில்லை என்பதால் அவன் பெயர் பயனாளிகள் வரிசையிலிருந்து நீக்கப்பட்டது. படித்த பேச்சு டீச்சரால் முடியாததை வெறும் நாற்காலியில் உட்கார்ந்தபடியே சாதித்துக் காட்டியவன் என்று இயக்குநர் என்னைப் பாராட்டிப் பேசினார். நான் தரையைப் பார்த்துக்கொண்டேன். ஆணையர் மேடம் ஒருபடி மேலே போனார். பேச்சு வராத குழந்தைகளை எல்லா அலுவலகங்களிலும் அதிகாரிகளுக்கு எதிரே பெஞ்சில் உட்கார வைக்கும் 'தாழ்வாரப் பயிற்சி முறை'யை மற்ற ஊர்களுக்கும் விரிவுபடுத்தலாம் என்றார். இயல்பகத்தை மறுபடி பூட்டினோம். தரைவிரிப்பு காய வேண்டும்.

மறுநாள் காலை சலவைக்கடை அம்மா வந்தார். வழக்கம்போல இடுப்பில் பையன், அவன் கையில் டம்ளர். பையனின் கீழுதடு வீங்கிக் கறுத்திருந்தது. அந்த அம்மா பெஞ்சில் உட்காரவில்லை. நேராக என் மேசைக்கு வந்து நின்றார்.

"வாங்கம்மா, வாழ்த்துகள்," என்றேன். "ஊரெல்லாம் உங்க பையன் பேச்சாத்தான் இருக்கு."

"சார், டீச்சரை வீட்டுக்கு அனுப்புங்க. அடுத்த மாசம் இவனுக்கு மூணு முடியுது."

"இனிமே எதுக்கும்மா டீச்சர்? அவன்தான் பேசறானே. நீங்களே காதால கேட்டீங்களே."

"கேட்டேன் சார். நேத்து சாயந்திரம் படியில விழுந்து உதட்டைக் கிழிச்சுக்கிட்டான். ரத்தம் கொட்டுது. எங்கடா வலிக்குதுன்னு கேட்டா நாளைக்கு வாங்கங்கறான். பசிச்சா அதைத்தான் சொல்றான். அவங்க அப்பா வேலை முடிஞ்சு வந்து தூக்கப் போனா, அவர்கிட்டயும் அதையே சொல்றான். அந்த மனுஷன் அப்படியே உக்காந்துட்டாரு." பையனின் வாயைப் புடவைத் தலைப்பால் ஒற்றினார். "இவன் வாயில முதல் வார்த்தையா என்ன வரும்னு நான் எவ்வளவு நாள் நினைச்சிருப்பேன் தெரியுமா சார்?"

"இடத்துக்குத் தகுந்த மாதிரி பேசறது படிப்படியா வரும்மா. எடுத்தவுடனே எல்லாம் வந்துடுமா?"

"வராதுன்னுதான் டீச்சரைக் கேக்கறேன்."

"உங்க பையன் பேர் எங்ககிட்ட இல்லம்மா. தேறினவங்களுக்குச் சேவை குடுக்க விதியில இடமில்ல. சட்டம்னு ஒண்ணு இருக்கே."

அவர் என் தலைக்கு மேலே சுவரைப் பார்த்தார். வாய் அசைவதைக் கொண்டு பொன்மொழியை எழுத்துக் கூட்டிப் படிக்கிறார் என்று தெரிந்தது. நல்ல வாசகம் எப்படிப்பட்ட மனதையும் சாந்தப்படுத்தும் என்று நான் நம்புகிறவன். ஆகவே காத்திருந்தேன்.

"சார், ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார். குரலில் கோபம் இல்லை. இஸ்திரிப் பெட்டியைத் துணியில் வைக்குமுன் சூடு பார்ப்பவரின் நிதானம்தான் இருந்தது. "யார் வந்து எதைக் கேட்டாலும் ஒரே பேச்சையே திருப்பித் திருப்பிச் சொல்றதுதான் இவனுக்கு இருக்கிற குறைன்னு டீச்சர் சொல்றாங்க. எதிர்ல இருக்கிறவங்களுக்கு என்ன வேணும்னு புரியாம சொல்றானாம். அதுக்குச் சின்ன வயசுலயே பயிற்சி குடுத்துடணும், விட்டுட்டா அப்படியே நின்னுடும்ங்கறாங்க. இவனுக்கு இன்னும் மூணு முடியல. யாராவது வளைச்சா வளைஞ்சிடுவான்." பையனை இடுப்பில் ஏற்றிக்கொண்டு சுவரைக் கையால் காட்டினார். "உங்களுக்கு ஐம்பது தாண்டிடுச்சே சார். உங்களை எந்த ஆபீசுக்குக் கூட்டிட்டுப் போறது?"

தாழ்வாரத்தில் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் எங்கள் பக்கம் திரும்பினார்கள். பேச்சு டீச்சர் கையில் திரைச்சீலையோடு வாசலில் நின்றிருந்தார். யாரும் சிரிக்கவில்லை.

என் பணிக்காலத்தில் இப்படி ஒரு கோரிக்கை என் மேசைக்கு வந்ததில்லை. கோரிக்கையில் நியாயம் இருப்பதாகவே பட்டது. ஆனால் எந்தப் பிரிவு இதைக் கவனிக்க வேண்டும், அந்தப் பிரிவில் வயது வரம்பு உண்டா என்பதெல்லாம் ஆராய்ந்து சொல்ல வேண்டிய விஷயங்கள். அவசரப்பட்டு வாக்குக் கொடுப்பது பொறுப்புள்ள அதிகாரிக்கு அழகல்ல. நான் தொண்டையைச் செருமினேன். கண்ணாடியை மூக்கின் நுனிவரை இறக்கினேன். வலது உள்ளங்கையை உயர்த்தினேன்.

நான் வாயைத் திறப்பதற்குள் அந்த அம்மாவின் இடுப்பிலிருந்து வாயாடி எனக்காகப் பதில் சொல்லிவிட்டான்.